13 வயதில் தேர்வாகாத மகனுக்கு ஏ.எஃப்.எல். வரை வழி இருக்கிறதா?

மெல்பர்னின் மேற்குப் புறநகரில் வசிக்கும் ஒரு தாய் கேட்டிருக்கிறார்: 13 வயது மகன் சில ஆண்டுகளாக உள்ளூர் கிளப்பில் ஃபுட்டி, அதாவது ஆஸ்திரேலிய விதிக் கால்பந்து, ஆடுகிறான். இந்த ஆண்டு லீக்கின் தேர்வு அணியில் அவனுக்கு இடம் கிடைக்கவில்லை. கூட ஆடும் பையன்களின் பெற்றோர் தனியார் பயிற்சிக்குப் பணம் கட்டுகிறார்கள். இந்த ஆட்டத்தின் உச்சத் தொழில்முறை லீக்கான ஏ.எஃப்.எல். வரை போக எந்தெந்தப் படி ஏற வேண்டும், அதில் ஒரு படியைத் தவறவிட்டுவிட்டோமா, படிப்பு என்னாகும் என்பது கேள்வி. படிகளைப் பற்றிக் கேட்டாலும், கதவு சாத்தப்பட்டுவிட்டதோ என்ற பயம்தான் உள்ளே இருக்கிறது. சாத்தப்படவில்லை. 13 வயதில் சாத்தப்படும் கதவே இந்த ஆட்டத்தில் கிடையாது. இளையோர் அணிகளுக்குப் பல ஆண்டுகள் பயிற்சி தந்த அனுபவத்தில் எழுதுகிறேன். உங்கள் மகன் ஆடுவதைப் பார்க்காமல் அவன் திறமையைப் பற்றி நான் எதுவும் சொல்ல முடியாது. பார்த்தாலும், அவன் 18 வயதில் எப்படி ஆடுவான் என்று என்னால் மட்டுமல்ல, யாராலும் சொல்ல முடியாது. ஆனால் பாதை எப்படிப் போகிறது, எங்கே வழுக்கும் என்பதை உறுதியாகச் சொல்லலாம்.

முதலில் பாதையின் கடைசி முனையைப் பார்த்துவிடுவோம், ஏனென்றால் மற்ற எல்லாம் அதிலிருந்துதான் பின்னோக்கி வருகின்றன. ஏ.எஃப்.எல்.லில் இப்போது 18 கிளப்புகள். 2028-இல் தாஸ்மேனியா 19-ஆவதாகச் சேர இருக்கிறது. ஒவ்வொரு கிளப்பின் பட்டியலிலும் அதிகபட்சம் 44 பேர் அளவில் இருப்பார்கள். ஒரு பையன் தனக்குப் பிடித்த கிளப்புக்குப் போய் ‘சேர்த்துக்கொள்ளுங்கள்’ என்று கேட்க முடியாது. 1986 முதல் நடந்துவரும் தேசிய டிராஃப்ட் (கிளப்புகள் முறைவைத்து இளைஞர்களைத் தேர்ந்தெடுக்கும் ஏற்பாடு) வழியாகத்தான் பெரும்பாலோர் உள்ளே வருகிறார்கள். ஆண்டுதோறும் நவம்பரில் நடக்கும் இதில், முந்தைய பருவத்தில் கடைசி இடத்தில் நின்ற கிளப்புக்கு முதல் தேர்வு. கிளப்புகள் தங்களுக்குள் தேர்வுகளைக் கைமாற்றிக்கொள்வதால் வரிசை மாறும். மொத்தம் ஏறத்தாழ 60, 70 இளைஞர்கள் தேர்வாகிறார்கள். நாடு முழுவதற்கும் அவ்வளவுதான். டிராஃப்டுக்குப் பெயர் கொடுக்கும் பையனுக்கு அந்த ஆண்டு டிசம்பர் 31-க்குள் 18 வயது நிறைய வேண்டும். உங்கள் மகனுக்கு அந்த நவம்பர் இன்னும் நாலைந்து ஆண்டு தள்ளி இருக்கிறது.

அந்த நவம்பருக்கு முன்னால் உள்ள படிகளில் விக்டோரியாவில் முக்கியமானது டேலண்ட் லீக். 1992-இல் தொடங்கிய இதைப் பழைய ஆட்கள் இன்றும் டி.ஏ.சி. கப் என்றே சொல்வார்கள்; நடுவில் நேப் லீக் என்றும் பெயர் இருந்தது. மாநிலம் 12 வட்டாரங்களாகப் பிரிக்கப்பட்டு ஒவ்வொன்றுக்கும் 18 வயதுக்குட்பட்டோர் அணி இருக்கிறது. தாஸ்மேனியாவும் ஓர் அணியை இறக்குகிறது. மெல்பர்னின் மேற்குக்கு வெஸ்டர்ன் ஜெட்ஸ். 2017 டிராஃப்டில் முதல் ஆளாக பிரிஸ்பேன் எடுத்த கேமரன் ரேனர் இந்த ஜெட்ஸில் ஆடியவர்தான். நீங்கள் குடியிருக்கும் இடத்தையும் மகனின் உள்ளூர் கிளப்பையும் வைத்து வட்டாரம் முடிவாகும், அதற்காக வீடு மாற வேண்டியதில்லை. 14, 15 வயதில் வட்டார முகாம்கள் தொடங்கும், 16-இல் அந்த வயது அணி, பிறகு 18 வயது அணி. அதிலிருந்து நல்ல ஆட்டக்காரர்கள் தேசிய 18 வயதுக்குட்பட்டோர் போட்டிக்குப் போவார்கள். அதில் விக்டோரியா நகர அணி, விக்டோரியா நாட்டுப்புற அணி, தென் ஆஸ்திரேலியா, மேற்கு ஆஸ்திரேலியா, மீதி மாநிலங்கள் சேர்ந்த ஆலைஸ் என ஐந்து அணிகள். ஜெட்ஸ் பையன் நகர அணிக்கு ஆடுவான். அடிலெய்டிலோ பெர்த்திலோ இருந்தால் அங்குள்ள மாநில லீக் கிளப்புகளின் இளையோர் அணிகளே இந்தப் படி. சிட்னியிலும் குயின்ஸ்லாந்திலும் ஏ.எஃப்.எல். கிளப்புகளே நடத்தும் அகாடமிகள் இருக்கின்றன. மகள் இருந்தால் அவளுக்கும் இதே போன்ற பாதை உண்டு. பெண்களுக்கான தொழில்முறை லீக் 2017-இல் தொடங்கி, 2022 முதல் 18 கிளப்புகளும் அதில் ஆடுகின்றன.

இப்போது தேர்வு அணியில் இடம் கிடைக்காததற்கு வருவோம். விளையும் பயிர் முளையிலே தெரியும் என்பது நம் பழமொழி. ஃபுட்டியில் அதை நம்பி நிறையப் பிள்ளைகளை நாம் இழந்திருக்கிறோம். இளையோர் வயதுப் பிரிவு ஜனவரி 1-ஐ வைத்துக் கணக்கிடப்படுகிறது. ஜனவரியில் பிறந்தவனும் டிசம்பரில் பிறந்தவனும் ஒரே அணியில் நிற்பார்கள். நடுவில் ஏறக்குறைய முழு ஒரு வருடம். இதற்கு மேல் பருவ வளர்ச்சி வேறு. பையன்களின் உயரம் மிக வேகமாகக் கூடும் காலம் சராசரியாக 13, 14 வயதில் வரும், சிலருக்கு 12-இலேயே, சிலருக்கு 16 நெருங்கும்போதுதான். 13 வயது அணியில் நாலு பேரை இழுத்துக்கொண்டு ஓடும் பையன் பெரும்பாலும் முன்னால் வளர்ந்தவன். மற்றவர்கள் வளர்ந்து வந்ததும் அவன் பலம் சாதாரணமாகிவிடும்; அதுவரை பலத்தை மட்டுமே நம்பி ஆடியிருந்தால், இடது காலால் உதைக்கவோ தலை நிமிர்ந்து பார்க்கவோ கற்றிருக்க மாட்டான். தாமதமாக வளரும் பையன் தப்பித்துப் பிழைக்கவே புத்தியைப் பயன்படுத்திப் பழகுகிறான். இது எல்லாருக்கும் இப்படியே நடக்கும் என்று சொல்லவில்லை; முன்னால் வளர்ந்து, கடைசி வரை முன்னாலேயே நிற்பவர்களும் உண்டு. ஆனால் 13 வயதுத் தேர்வு அணிப் பட்டியலை எதிர்காலச் சான்றிதழாக எடுத்துக்கொள்ள எந்த நியாயமும் இல்லை. உங்கள் மகன் பிறந்த மாதம் என்ன, கடந்த ஆறு மாதத்தில் எத்தனை சென்டிமீட்டர் வளர்ந்தான் என்ற இரண்டு விவரமும் அந்தப் பட்டியலைவிட அதிகம் சொல்லும்.

இந்த வயதில் உழைப்பைக் கொட்ட வேண்டிய இடம் உதைதான். கிளப்புகளின் தேர்வாளர்கள் 17 வயதுப் பையனிடம் ஓட்டம், உடல்பலம் போன்றவற்றை இரண்டு மூன்று ஆண்டில் ஏற்றிவிடலாம் என்று நினைப்பார்கள். கெட்டுப்போன உதையைத் திருத்துவது கடினம் என்பது அவர்களுக்குத் தெரியும். அடிப்படை உதை டிராப் பன்ட். வலக்காலால் உதைப்பவன் பந்தை இரு கைகளாலும் பக்கவாட்டில் பிடித்து, நாடா முடிந்த பக்கம் வெளியே பார்க்க, உதைக்கும் தொடைக்கு நேர் மேலே வைத்துக்கொள்வான். கடைசி அடியில் இடக்கை விலகும். வலக்கை மட்டும் பந்தை இடுப்பு மட்டத்துக்குக் கொண்டுபோய் நிமிர்ந்த நிலையிலேயே விட்டுவிடும். பாதம் முன்னோக்கி நீண்டு விறைத்திருக்க, அதன் மேல் எலும்பு பந்தின் அடிப்பகுதியில் படும். சரியாகப் பட்டால் பந்து பின்னோக்கி உருண்டபடி நேராகப் போகும், வாங்குபவன் கைக்குள் அடங்கும். 15 மீட்டருக்குக் குறையாமல் பறந்த உதையைக் கையில் பிடித்தால்தான் மார்க், அதாவது பிடித்தவன் இடையூறில்லாமல் அடுத்த உதையை எடுக்கலாம் என்பதால், நேரான உதைக்கு இந்த ஆட்டத்தில் மதிப்பு அதிகம்.

தவறுகள் ஏறக்குறைய எப்போதும் காலில் இல்லை, கையில் இருக்கின்றன. பந்தை மார்பு உயரத்தில் விட்டால் கீழே வரும் வழியில் அது சாய்ந்துவிடும். சாய்ந்த பந்தை எவ்வளவு அழகாக உதைத்தாலும் காற்றில் விசிறி மாதிரி சுற்றும். வலக்காலால் உதைக்கும்போது இடக்கையால் பந்தை விட்டால் அது உடம்பின் குறுக்கே விழும், கால் அதைத் துரத்திக்கொண்டு போகும், உதை ஒரு பக்கம் வளையும். உடம்பு பின்னால் சாய்ந்தால் பந்து மேலே போய்த் தொங்கும். கணுக்கால் தளர்ந்திருந்தால் ‘தொப்’ என்ற சத்தம் வரும், தூரம் வராது. விறைத்த பாதத்தில் பட்ட சத்தம் வேறு, பையனே அதைக் காதால் கண்டுபிடித்துவிடுவான். பக்கவாட்டில் நின்று போனில் மெதுவோட்ட வீடியோ எடுத்து, பந்து கையை விட்ட கணத்துக்கும் காலில் பட்ட கணத்துக்கும் நடுவில் அது எவ்வளவு சாய்கிறது என்று மட்டும் பாருங்கள். ஃபுட்டி தெரியாத பெற்றோராலும் இதைக் கவனிக்க முடியும். 20 மீட்டர் தூரத்தில் ஒரு துணையோடு, வாரத்தில் மூன்று நாள், ஒவ்வொரு நாளும் 60, 70 உதை, அதில் பாதி பழகாத காலால். இந்த எண்ணிக்கை என் கணக்கு. ஆராய்ச்சி முடிவென்று எடுத்துக்கொள்ள வேண்டாம். பழகாத காலால் உதைப்பது முதல் ஆறு மாதம் பார்க்கவே சகிக்காது. அந்த ஆறு மாதத்தை 13 வயதில் கடப்பது எளிது. 17 வயதில், தேர்வாளர் வேலியோரம் நிற்கும்போது யாரும் அதைத் தொடங்க மாட்டார்கள். வயதுக்குரிய அளவுப் பந்தையே வாங்கிக் கொடுங்கள். பெரியவர்களின் முழு அளவுப் பந்தைச் சிறிய கை சரியாக விட முடியாது, அந்தத் தவறு பழக்கமாகிவிடும்.

உதைக்கு அடுத்தது தரைப்பந்து. நீளுருண்டைப் பந்து எப்படித் துள்ளும் என்று சொல்ல முடியாது. ஓடிக்கொண்டே குனிந்து, ஒரே தொடுகையில் சுத்தமாக எடுப்பவன் எதிராளியைவிட அரை வினாடி முந்திவிடுகிறான். மழை நாளில், நனைந்த பந்தோடு பழகுவது இதற்கு நல்லது. ஹாண்ட்பாலையும் இரு கையாலும் பழக வேண்டும்: ஒரு உள்ளங்கையில் பந்து அமர்ந்திருக்க, மற்ற கையை முஷ்டி பிடித்துக் குத்த வேண்டும், எறிந்தால் எதிரணிக்கு ஃப்ரீ கிக். மற்ற ஆட்டங்களை நிறுத்திவிட்டு ஆண்டு முழுவதும் ஃபுட்டி மட்டும் ஆட வைக்க வேண்டுமா என்று பலர் கேட்பார்கள். வேண்டாம். காலிங்வுட்டுக்காக 400 ஆட்டங்களுக்கு மேல் ஆடிய ஸ்காட் பெண்டில்பரி, இளவயதில் கூடைப்பந்தில் ஆஸ்திரேலிய விளையாட்டு நிறுவனத்தின் உதவித்தொகை வரை போனவர். நெரிசலில் அவசரப்படாமல் நிற்கும் அவர் ஆட்டத்தைப் பார்க்கிறவர்கள் அதில் கூடைப்பந்தைக் காண்கிறார்கள். கோடையில் கிரிக்கெட்டோ கூடைப்பந்தோ ஆடட்டும்.

உடம்பைப் பற்றிச் சொல்வதைத் தயவுசெய்து தள்ளிவைக்காதீர்கள். திறமைக் குறைவால் இந்தப் பாதையிலிருந்து விழுபவர்களுக்கு நிகராக, அளவுக்கு மீறி ஆடி விழுபவர்களும் இருக்கிறார்கள். உள்ளூர் கிளப், பள்ளி அணி, வட்டார முகாம், கூடைப்பந்து என நான்கு பயிற்சியாளர்கள் இருப்பார்கள். ஒவ்வொருவருக்கும் தன் பயிற்சி மட்டும்தான் தெரியும். மொத்தக் கணக்கு வைத்திருக்கக்கூடியவர் வீட்டில் இருப்பவர்தான். வாரத்தில் எத்தனை நாள், எத்தனை மணி நேரம் என்று ஒரு நோட்டில் எழுதுங்கள், வாரத்தில் குறைந்தது ஒரு நாள், முடிந்தால் இரண்டு நாள் முழு ஓய்வு இருக்கட்டும். வேகமாக உயரம் கூடும் மாதங்களில் எலும்பு முன்னால் போகும், தசைநார் பின்தங்கும். முழங்காலுக்குக் கீழே உள்ள எலும்பு மேட்டிலும் குதிகாலிலும் வலி வருவது அப்போது சகஜம். ஓட்டத்தையும் குதிப்பையும் குறைத்தால் பெரும்பாலும் அடங்கும். வலியோடு ஆட வைத்தால் மாதக்கணக்கில் இழுக்கும். கீழ்முதுகில் வலி வந்து, பின்னால் வளையும்போது அதிகமானால் அதைச் சுளுக்கு என்று விடாமல் மருத்துவரிடம் காட்டுங்கள், முதுகெலும்பில் அழுத்த முறிவாக இருக்கலாம். தலையில் அடிபட்டு மூளை அதிர்ச்சி என்று சந்தேகம் வந்தால் அன்றைக்கு ஆட்டம் முடிந்தது. சமூகக் கிளப் நிலையில் 21 நாளுக்கு முன் ஆட்டத்துக்குத் திரும்பக் கூடாது என்பது 2024 முதல் உள்ள நெறி. டி.வி.யில் ஏ.எஃப்.எல். வீரர் 12 நாளில் திரும்புவதைப் பார்த்து ஒப்பிட வேண்டாம், அங்கே தினமும் மருத்துவர் பார்க்கிறார். எந்த வலிக்கும் நான் எழுதுவது மருத்துவருக்கோ ஃபிசியோவுக்கோ மாற்று ஆகாது.

தனியார் பயிற்சிக்கு வருகிறேன். நல்ல பயிற்சியாளர் ஒருவரிடம் உதையைத் திருத்திக்கொள்ளப் போவதில் தவறில்லை. பணம் கட்டினால் வட்டார அணியில் இடம் கிடைக்கும் என்று யாராவது ஜாடையாகச் சொன்னாலும் அங்கிருந்து எழுந்து வந்துவிடுங்கள். அந்த அணிகளுக்கு அழைப்பு வட்டார கிளப்பின் ஆட்களிடமிருந்துதான் வரும். ஒரு மணி நேரத்தில் உங்கள் பிள்ளை எத்தனை முறை பந்தைத் தொடுகிறான், பயிற்சியாளர் அவனிடம் தனியாக என்ன சொன்னார் என்று வேலிக்கு வெளியே நின்று எண்ணிப் பாருங்கள். கூம்புகளைச் சுற்றி ஓடுவதே பாதி நேரம் என்றால், அதைப் பக்கத்துப் பூங்காவில் இலவசமாகச் செய்யலாம்.

உங்கள் குடும்பத்துக்கு நேரடியாகப் பொருந்தக்கூடிய ஒரு வழி இருக்கிறது, அதைப் பலர் விசாரிப்பதே இல்லை. 2016-இல் ஏ.எஃப்.எல். கிளப்புகள் ‘நெக்ஸ்ட் ஜெனரேஷன் அகாடமி’ என்ற அகாடமிகளைத் தொடங்கின. பழங்குடிப் பிள்ளைகளுக்கும், ஆசியாவிலோ ஆப்பிரிக்காவிலோ பிறந்த பெற்றோரின் பிள்ளைகளுக்கும் அவை உரியவை. ஒவ்வொரு கிளப்புக்கும் ஒரு பகுதி ஒதுக்கப்பட்டிருக்கிறது. பையன் அதில் பதிவு செய்து, பயிற்சிகளில் பங்கெடுத்து வந்திருந்தால், டிராஃப்டில் வேறு கிளப் அவனை எடுக்க முன்வரும்போது அகாடமிக் கிளப் அதற்கு ஈடான புள்ளிகளை (டிராஃப்டில் ஒவ்வொரு தேர்வு இடத்துக்கும் ஒரு புள்ளி மதிப்பு உண்டு) கொடுத்து அவனைத் தன்னிடமே வைத்துக்கொள்ளலாம். 2020-இல் முதல் தேர்வான ஜமாரா ஊகிள்-ஹேகன் வெஸ்டர்ன் புல்டாக்ஸுக்கு இப்படித்தான் போனார். அதன் பிறகு முதல் 20 தேர்வுகளுக்குள் இந்த உரிமை இல்லை என்றார்கள், பிறகு 40 என்றார்கள், பிறகு தளர்த்தினார்கள். 2024-இல் ஈராக்கியப் பின்னணி கொண்ட ஐசக் காக்கோவை எசென்டன் 13-ஆம் தேர்வில் எடுத்தது. உரிமை விதி இவ்வளவு மாறியிருப்பதால் அதை நம்பித் திட்டம் போட வேண்டாம். ஆனால் அகாடமியில் கிடைக்கும் பயிற்சியும், ஒரு ஏ.எஃப்.எல். கிளப்பின் ஆட்கள் பையனைச் சில ஆண்டுகள் தொடர்ந்து பார்ப்பதும் மதிப்புள்ளவை. உங்கள் முகவரி எந்தக் கிளப்பின் பகுதிக்குள் வருகிறது, தகுதிக்கு என்ன சான்று வேண்டும் என்பதை அந்தக் கிளப்பின் அகாடமிப் பொறுப்பாளரிடமே மின்னஞ்சலில் கேளுங்கள். ஆசியப் பின்னணி கொண்ட வீரர்கள் ஏ.எஃப்.எல்.லில் இன்றும் மிகச் சிலரே. தைவானிலிருந்து வந்த தாய்க்கும் கிழக்குத் திமோரிலிருந்து வந்த தந்தைக்கும் பிறந்த லின் ஜோங், புல்டாக்ஸில் ரூக்கியாக (முதன்மைப் பட்டியலுக்கு வெளியே வைக்கப்படும் புதுமுகமாக) நுழைந்து பல ஆண்டுகள் ஆடினார். ‘நம்ம ஆட்கள் யாரும் இல்லையே’ என்று பையன் கேட்டால் காட்ட ஒரு பெயராவது இருக்கிறது.

16 தாண்டியதும் பார்வை மாறும். தேர்வாளர் ஒரு ஆட்டத்துக்கு வந்தால் கோல் எண்ணிக்கையைக் குறித்துக்கொண்டு போவதில்லை. பந்து 60 மீட்டர் தள்ளி இருக்கும்போது பையன் என்ன செய்கிறான், பந்தை இழந்த அடுத்த மூன்று வினாடியில் துரத்துகிறானா இடுப்பில் கைவைத்து நிற்கிறானா, எதிராளி மேலே விழும்போது கால் எதை நோக்கி உதைக்கிறது, மாற்றி உட்கார வைத்தால் முகம் எப்படி இருக்கிறது என்பதையெல்லாம் பார்ப்பார். கோச், ஆசிரியர், உள்ளூர் கிளப்பின் செயலாளர் வரை விசாரிப்பார்கள். வீட்டுக்கே வந்து பேசுவதும் உண்டு. அக்டோபரில் நடக்கும் டிராஃப்ட் கம்பைனுக்கு, கிளப்புகள் ஆர்வம் காட்டிய பையன்களை மட்டும் அழைப்பார்கள். 20 மீட்டர் ஓட்டம், திசைமாற்ற ஓட்டம், நின்றும் ஓடியும் குதிக்கும் உயரம், 2 கிலோமீட்டர் ஓட்டம், மருத்துவப் பரிசோதனை, கிளப்புகளின் நேர்காணல் எல்லாம் இருக்கும். 20 மீட்டரை 2.9 வினாடிக்குள் ஓடுபவன் மிக வேகமானவன், 3 வினாடியை ஒட்டி ஓடுவது வழக்கமானது. 2 கிலோமீட்டரை 6 நிமிடத்தை ஒட்டி முடிப்பவன் அங்கே முன்வரிசை. இந்த எண்கள் ஏற்கெனவே பிடித்துப்போன பையனை நாலைந்து இடம் மேலே தள்ளும்; ஆடத் தெரியாதவனை இவை காப்பாற்றியதில்லை. 13 வயதில் நேரக்கடிகாரத்தோடு நிற்க வேண்டாம்.

படிப்பைப் பற்றிய கவலை நியாயமானது, நாட்காட்டியைப் பார்த்தாலே தெரியும். பெரும்பாலானவர்களுக்கு டிராஃப்ட் ஆண்டும் 12-ஆம் வகுப்பும் ஒன்றாக வரும். மார்ச் கடைசியில் டேலண்ட் லீக் தொடங்கும், ஜூன் ஜூலையில் தேசியப் போட்டி, செப்டம்பரில் இறுதிச் சுற்று, அக்டோபர் தொடக்கத்தில் கம்பைன், அதே மாதக் கடைசியில் வி.சி.இ. (விக்டோரியாவின் 12-ஆம் வகுப்பு) எழுத்துத் தேர்வு தொடங்கி நவம்பர் நடுப்பகுதி வரை போகும், அடுத்த வாரமோ அதற்கடுத்த வாரமோ டிராஃப்ட். ஏ.பி.எஸ். என்ற தனியார் பள்ளிக் கூட்டமைப்பின் பள்ளிகளில் படிப்பவர்கள் சனிக்கிழமை பள்ளி அணிக்கே முதலில் ஆட வேண்டும், டேலண்ட் லீக்கில் குறைந்த ஆட்டங்களே கிடைக்கும்; தேர்வாளர்கள் பள்ளி மைதானத்துக்கே போய்ப் பார்ப்பதால் நஷ்டமில்லை. சமாளிக்க வழி உண்டு: ஒன்றிரண்டு பாடங்களை 11-ஆம் வகுப்பிலேயே முடித்துவிடுவது பல பள்ளிகளில் முடியும். இதை 10-ஆம் வகுப்பிலேயே பள்ளியோடு பேசி வையுங்கள், 12-இல் பேசினால் வழி இருக்காது. ஃபுட்டிக்காகப் படிப்பை விடச் சொல்லும் கிளப் எதையும் நான் அறிந்ததில்லை. நேர்காணலில் மதிப்பெண்ணைக் கேட்பார்கள், கெட்டிக்காரத்தனத்துக்காக மட்டுமல்ல, பிடிக்காத வேலையையும் செய்து முடிக்கிறவனா என்று பார்க்க.

இன்னொன்றைக் குடும்பமாக உட்கார்ந்து முன்பே பேச வேண்டும். 18 கிளப்புகளில் 8 விக்டோரியாவுக்கு வெளியே இருக்கின்றன. பெயர் வாசிக்கப்பட்டதும் பையன் எங்கே போவான் என்பதில் அவனுக்கும் உங்களுக்கும் சொல் இல்லை. மேற்கு மெல்பர்னில் வளர்ந்தவன், தேர்வு எழுதி முடித்த சில நாட்களில் பெர்த்துக்கோ பிரிஸ்பேனுக்கோ விமானம் ஏறலாம். அங்கே கிளப் ஏற்பாடு செய்யும் குடும்பத்தோடு முதல் ஆண்டு தங்குவது வழக்கம். தேசிய டிராஃப்டில் வந்தால் குறைந்தது இரண்டு ஆண்டு ஒப்பந்தம் உண்டு. அந்த இரண்டு ஆண்டில் ஏ.எஃப்.எல். ஆட்டம் ஒன்றுகூட ஆடாமல் மாற்று அணியிலேயே இருந்துவிட்டுத் திரும்புபவர்களும் இருக்கிறார்கள்.

அன்று பெயர் வராவிட்டால்? அடுத்த நாட்களில் ரூக்கி டிராஃப்ட் இருக்கிறது, பருவத்துக்கு முன்னால் பயிற்சிக்கு அழைத்துப் பார்த்துச் சேர்க்கும் ஏற்பாடு இருக்கிறது, 2019-இல் மீண்டும் வந்த பருவ நடு டிராஃப்ட் இருக்கிறது. 19 வயதில் டேலண்ட் லீக்கில் இன்னொரு ஆண்டு ஆட ஒரு சிலருக்கு இடம் தருவார்கள், மற்றவர்கள் அடுத்த நிலை லீக்கான வி.எஃப்.எல். பக்கம் போவார்கள். சாம் மிட்செல் முதலில் யாராலும் எடுக்கப்படாமல், 2001-இல் 36-ஆவது ஆளாக ஹாதோர்னுக்கு வந்து, அந்த அணியின் கேப்டனாகவே 2008 கோப்பையைத் தூக்கினார். டாம் ஸ்டூவர்ட்டை ஜீலாங் எடுத்தபோது அவருக்கு 23 வயது, 40-ஆவது தேர்வு. மார்லியன் பிக்கெட் 27 வயதில் 2019 பருவ நடு டிராஃப்டில் ரிச்மண்டுக்கு வந்து, தன் முதல் ஆட்டத்தையே அந்த ஆண்டின் இறுதிப் போட்டியில் ஆடி வென்றார். இவர்கள் விதிவிலக்குகள்தான், எண்ணிக்கையில் பெரும்பாலோர் 18 வயதில்தான் நுழைகிறார்கள். ஆனால் 18 வயதிலேயே முடிந்துவிடாத பாதை 13 வயதில் முடிந்துவிட்டது என்று ஒரு பையனை நம்ப வைப்பது அவனுக்குச் செய்யும் அநியாயம்.

ஆகவே இந்தக் குளிர்காலத்துக்கு நான் சொல்வது: இப்போதுள்ள உள்ளூர் கிளப்பிலேயே இருக்கட்டும், நண்பர்களோடு ஆடட்டும். ஒரே இடத்தில் நிற்க வைக்காமல் பின்வரிசை, நடு, முன்வரிசை என்று மாற்றி ஆட வைக்கும்படி கோச்சிடம் கேளுங்கள். தேர்வு அணியின் பயிற்சியாளரிடம், ஏன் எடுக்கவில்லை என்று கேட்காமல், அடுத்த ஆண்டுக்குள் எந்த ஒரு விஷயத்தைத் திருத்த வேண்டும் என்று மகனையே போய்க் கேட்கச் சொல்லுங்கள். நீங்கள் பத்தடி தள்ளி நில்லுங்கள். அகாடமிக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். ஆட்டம் முடிந்து காரில் ஏறியதும் ஆட்டத்தை அலசாதீர்கள், பசிக்கிறதா என்று கேளுங்கள். மாதத்தின் முதல் நாள் கதவு நிலையில் பென்சிலால் உயரத்தைக் குறித்து வாருங்கள். இரண்டு கோடுகளுக்கு நடுவே இடைவெளி திடீரென்று அகலமாகும் மாதம் வரும்போது, அவன் கேட்டாலும் பயிற்சியைக் கொஞ்சம் குறையுங்கள்.